திதியன்று வந்த சோலைமந்தி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் தையல் மிஷினை வேகமாக மிதிக்கிற ஆள் நான். அவர்கள் பேசுவது அந்தச் சத்தத்தில் காதில் விழாது பாருங்கள், அதற்காக. பயமெல்லாம் இல்லை, அலுப்புதான். பாபநாசத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் துணியோடு கதையையும் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருத்தி குடமுருட்டிப் பாலத்தில் வெள்ளையாக நின்றது என்பாள், இன்னொருத்தி செத்துப்போன மாமியார் நடு மத்தியானத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது என்பாள். "தேய்ச்சுக் குடுக்குறாங்கல்ல, விடுங்க. கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்" என்பேன். அதோடு பேய் ஓடிவிடும்.

அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார், அவரிடம் முதலில் சொன்னபோது முழுசாகக் கேட்டுவிட்டு, "மல்லிகா, அன்னிக்கு உனக்கு பிரஷர் பாத்தியா?" என்றார். நீங்களும் அப்படிக் கேட்கலாம், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரம். எனக்குச் செவ்வாய் தோஷம் என்று வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மனைவியை மஞ்சள் காமாலையில் பறிகொடுத்துவிட்டு நின்றவர் அவர். பிள்ளை குட்டி கிடையாது. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார், குணமான மனுஷர், பேச்சு மட்டும் ரொம்பக் குறைச்சல், ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வருவதில் பாதி "ம்" தான். முதல் மனைவி பெயர் கோமதி. நான் வலது காலை வைத்து அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதே கூடத்துச் சுவரில் மாலை போட்டுக்கொண்டு, சிவப்பு பல்பு வெளிச்சத்தில், "வா, வா" என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்தால் முதலில் அது அவள் படத்துக்கு முன்னால் போகும். மஞ்சள் தடவி, பூ வைத்து, சூடம் காட்டி, மூத்தவள் பார்த்து முடித்த பிறகுதான் என் கைக்கு வரும். எங்கள் பக்கத்தில் இரண்டாவதாக வாழ வந்தவள் வீட்டில் அதுதான் முறை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், புத்தம்புதுசு என்று என் உடம்பில் ஒன்றுமே ஏறியதில்லை, எல்லாம் அவள் பார்த்துக் கழித்தது. என் பெரிய நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, நீடாமங்கலத்திலிருந்து வருவார். நான் வைத்த குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மல்லிகா. எங்க கோமதி கடைசியில ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவா" என்பார். அந்த ஒரு சொட்டு எண்ணெய் எத்தனை வருஷமாக என் வயிற்றில் எரிகிறது தெரியுமா. என்னிடம் துணி தைக்க வருகிற ஒரு அம்மா சொல்வார்கள், "உசுரோட இருக்குற சக்களத்தின்னா முடியைப் பிடிச்சு இழுத்துரலாம்டி, இவ முடி மாலைக்குள்ளல்ல இருக்கு!" சிரிப்பேன். சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தால் நூல் நுழையாது.

வெளியூர் போனாலும் இதே கதைதான். வேளாங்கண்ணி, திருவாரூர்த் தேர், ராமேஸ்வரம், எங்கே கூட்டிப்போனாலும் இவர் ஓரிடத்தில் நின்று, "போன தடவை இந்தக் கடையிலதான் காப்பி குடிச்சோம்" என்பார். வேண்டுமென்று சொல்வதில்லை பாவம், வாயில் வந்துவிடும். அந்தப் போன தடவையில் நான் இருந்ததில்லை. இவள் கால் படாத ஊர் என்று இந்தத் தமிழ்நாட்டில் ஒன்றுகூடவா எனக்கு மிச்சமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அந்த டீச்சர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்று, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரிமயிர், வால் நுனியில் ஒரு குஞ்சம். சிங்கவால் குரங்காம், மலைக்காரர்கள் சோலைமந்தி என்பார்களாம், நம் மேற்கு மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கேயும் கிடையாதாம், வால்பாறைக்குப் போனால் பார்க்கலாமாம். எனக்கு உடனே பொறி தட்டியது. ஏனென்றால் கோமதிக்குக் குரங்கு என்றால் உயிர் போகும். பழனிப் படியில் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிடுங்கியதில் மயங்கியே விழுந்துவிட்டாளாம், அதற்குப் பிறகு குரங்கு இருக்கிற மலைப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், இதுவும் நாத்தனார் சொன்னதுதான். உயிரோடு இருந்தபோதே வராத இடம். அது எனக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டினேன்.

நாளையும் நான்தான் பார்த்தேன். படத்துக்குக் கீழே அவள் இறந்த இங்கிலீஷ் தேதி எழுதியிருக்கும், தினமும் கண்ணில் படுவதால் எனக்கு மனப்பாடம். அந்தத் தேதி பிப்ரவரி ஆரம்பத்திலேயே கழிந்துவிட்டது, வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை. வருஷா வருஷம் ஐயர் போன் பண்ணுவார், இவர் காவிரிக்கரைக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வருவார், நான் அதில் தலையிடுவதே இல்லை. இந்த வருஷம் சத்தமே இல்லையா, அடடா, மறந்துவிட்டார் மனுஷர் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். சம்பா அறுப்பும் முடிந்து கடையில் வேலை குறைந்திருந்தது. "மாசக் கடைசியில வால்பாறை போலாமாங்க?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, போவோம்" என்றார்.

அதற்காக ஒரு சுடிதார் தைத்தேன். இந்த வயதில் முதல் சுடிதார். மயில்கழுத்துப் பச்சை, அதே நிறத்தில் துப்பட்டா. படத்துக்கு முன்னால் வைக்கிற முறையெல்லாம் புடவைக்குத்தானே, சுடிதாருக்கு யாரும் சொல்லவில்லையே! மடித்து நேராகப் பையில் வைத்தேன்.

தஞ்சாவூரில் ராத்திரி ரயில் ஏறி, கோயம்புத்தூரில் இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் பிடித்தோம். நம் ஊரில் நிலம் என்றால் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி சமமாகக் கிடக்கும், அங்கே பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பத் திரும்ப எனக்கு வயிறும் கூடவே திரும்பியது. சாயங்காலம் லாட்ஜில் போய் விழுந்ததுதான் தெரியும்.

காலையில் கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். குளித்து, சுடிதார் போட்டு, கண்ணாடியில் நாலு தடவை பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினேன், மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து. ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரில் வாழை இலைத் துண்டு, அதில் ஒரு கைப்பிடிச் சோறு, மேலே கறுப்பு எள். அந்தக் குளிரில் வாயில் ஆவி பறக்க "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"திதி."

"யாருக்கு?" என்றேன், தெரிந்துகொண்டேதான்.

"இன்னைக்குத்தான் விழுது. தேதி வேற, திதி வேறதானே. ஐயர் போன மாசமே சொல்லிட்டாரு."

"அப்ப டிக்கெட் எடுக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட. ஆசையா வேற தச்சு வச்சிருந்த."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை வெட்டியது. அவர் என்னை மறந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், என்னை மதிக்கவில்லை என்றால் அழுதிருப்பேன், இரண்டுக்கும் வழியில்லாமல் இரண்டு பேரையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாரே! எங்கள் வயல் பச்சரிசியும் எள்ளும் ஒரு டிபன் பாக்ஸில், என் சுடிதாருக்குப் பக்கத்திலேயே ராத்திரியெல்லாம் பிரயாணம் பண்ணியிருக்கிறது.

எதிரே கேபிள் கம்பியில் வரிசையாகக் காக்கை. ஒன்றுகூட இறங்கவில்லை. ஒன்று மட்டும் சுவர் வரைக்கும் வந்து, சோற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. சோறு வடித்துக் கொடுத்த மெஸ் சேச்சி கீழேயிருந்து, "சாரே, இவிடத்துக் காக்கைக்கு பஜ்ஜிதான் பழக்கம்!" என்று சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

"பொள்ளாச்சியத் தாண்டினா உங்க கோமதிக்கு வழி தெரியல போலருக்கு. போன் போட்டு பஸ் நம்பர் சொல்லுங்க" என்றேன்.

அவர் இலையையும் சோற்றையும் பாக்ஸில் எடுத்து வைத்துக்கொண்டார். "போற வழியில பாப்போம்."

"சாப்பிட்டுட்டு வாங்க, சுகர் மாத்திரை போட்டாச்சுல்ல?"

"காக்கா எடுக்காம எப்படி மல்லிகா?"

ஒரு இட்லி தின்ன வைக்க முடியவில்லை அந்த மனுஷரை. நான் மட்டும் வீம்புக்கு மூன்று தின்றேன்.

ஜீப்பில் காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே செல்வராஜ் என்று ஒரு வாட்சர், கையில் மூங்கில் கம்பு, குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவதுதான் அவர் வேலை. "சார், அக்கா, ஒண்ணே ஒண்ணுதானுங்க. எதுக்கும் தீனி போடக்கூடாது. போட்டா என் வேலை போயிரும்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய பெரிய மரம், மேலே வெளிச்சமே இல்லை, காலுக்குக் கீழே இலை மெத்து மெத்தென்று. எங்கேயோ "ஊ" என்று ஒரு சத்தம், பதிலுக்கு இன்னொரு சத்தம். வாட்சர் கம்பைத் தூக்கிக் காட்டினார்.

பலாமரத்தில் உட்கார்ந்திருந்தன. ஐயோ, அதை எப்படிச் சொல்வது, கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்ட பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்த மாதிரி. ஒரு தாய் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை போனது, வால் குஞ்சம் ஆடியது. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், திதியை, எள்ளை, அந்த நல்லெண்ணெயைக்கூட. இவர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேலேயே பார்த்துக்கொண்டு சொன்னார், "இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல மல்லிகா."

போன தடவை இல்லை! இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு இடத்தில் இவருக்குப் போன தடவை இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

கீழே வளைவில் லாரி ஹாரன் கேட்டது. "இங்கயே நில்லுங்க, வண்டிய நிறுத்திட்டு வாரேன்" என்று வாட்சர் ஓடினார். அவர் போனதும் பனி இறங்கியது. பட்டப்பகல், உச்சி நேரம், ஆனால் பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. குரங்குச் சத்தம் எல்லாம் ஒரேயடியாக அடங்கிப்போயிற்று. திரும்பிப் பார்த்தால் இவர் பாதையோரத்துச் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, கை நடுங்குகிறது. சுகர் இறங்கிவிட்டது. என் கைப்பையோ ஜீப்பில், மிட்டாயெல்லாம் அதில்.

"அந்தச் சோத்தத் தின்னுங்க!"

பாக்ஸைத் திறந்தார். திறந்து, இலையைச் சுவரில் விரித்து, சோற்றை வைத்து, ஈனக்குரலில் "கா..." என்றார்.

"அவளுக்காகச் சாகப் போறீங்களா?" என்று கத்தினேன். "இங்க காக்காயே கிடையாதுங்க! ஒரு வாய் போடுங்க!"

கண் பாதி மூடிவிட்டது அவருக்கு. நானே எடுத்து வாயில் திணிப்போம் என்று இரண்டு எட்டு வைத்தேன், அவ்வளவுதான் வைத்தேன். பனிக்குள்ளிருந்து அது இறங்கி வந்தது.

நம்பினால் நம்புங்கள். வயதான மந்தி, குட்டி இல்லை. சத்தமே போடாமல் சுவரில் வந்து, அவருக்குப் பக்கத்தில், புருஷனுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி எவ்வளவு இடம் விட்டு உட்காருவாளோ அவ்வளவு இடம் விட்டு உட்கார்ந்தது. குரங்கு என்றால் சோற்றைப் பார்த்ததும் பாயும் இல்லையா, இது பாயவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வலது கையால் சோற்றை எடுத்து, இலையில் ஒரு அழுத்து அழுத்தி, விரல்களை மடக்கி ஒரு உருட்டு உருட்டி, கவளமாக்கி, அவர் வாய்க்கு நேரே நீட்டியது. அவர் வாயைத் திறந்தார். ஊட்டிவிட்டது. மென்றார். மென்றபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்பை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

நீங்கள் பயந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது, அடிவயிற்றிலிருந்து. இத்தனை வருஷம் வடித்துக் கொட்டியிருக்கிறேன், ஒருநாள், ஒரே ஒருநாள் என் கையால் ஒரு வாய் வாங்கியிருப்பாரா இந்த மனுஷர்? "ஏய், தள்ளிப் போ!" என்றேன். ஒரு குரங்கைப் பார்த்து இல்லை, ஒரு பொம்பளையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன், அது எனக்கே தெரிந்தது.

அது திரும்பியது. சுவரில் இரண்டடி நடந்து என் எதிரே வந்தது. என் துப்பட்டா நுனியைக் கையில் எடுத்தது. இழுக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தது. ஜவுளிக்கடையில் நாம் துணி பார்ப்போமே, சாயம் போகுமா, நூல் எப்படி என்று, அச்சு அசலாக அப்படி. பார்த்துவிட்டு நுனியைக் கீழே விட்டது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். தினமும் விளக்கேற்றும்போது அந்தப் படத்தை நான் எப்படிப் பார்ப்பேனோ அந்தப் பார்வை. சமையலறை எனக்கு, மிஷின் எனக்கு, காய்ச்சலில் அவர் நெற்றியைத் தொடுகிற கை எனக்கு, பேசுகிற வாய் எனக்கு. மாலைக்குள் இருப்பவளுக்கு வருஷத்தில் ஒருநாள், ஒரு பிடி எள்ளுச் சோறு. நான்தான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, அவள் என்னைப் பார்த்து எரியலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.  அது பனிக்குள் ஏறிப் போய்விட்டது.

வாட்சர் மூச்சிரைக்க வந்தார். திறந்து கிடந்த பாக்ஸைப் பார்த்ததும் அவருக்கு வந்ததே கோபம். "ஏனுங் சார், படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே! இப்ப ஒரு மந்தி ஏறிப் போகுது பாத்தேன், சோறு போட்டீங்களா?"

"போடல தம்பி, அதுதான் இவருக்கு ஊட்டிச்சு" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பிடுங்கும்க்கா. குடுக்காது" என்றார். எங்களைச் சீக்கிரம் ஜீப்பில் ஏற்றிவிடுவதிலேயே குறியாக இருந்தார்.

இவர் மிச்சச் சோற்றையும் தானே சாப்பிட்டு முடித்து, தெம்பாகிவிட்டார். ஜீப்பில் என் பக்கம் குனிந்து, "காக்கா வந்துருச்சு, பாத்தியா" என்றார்.

"எங்க வந்துச்சு?"

"அந்தச் செவுத்துலதான். ஒரு பருக்கை கொத்திட்டுப் பறந்துச்சே. அப்புறம்தான் நீ ஊட்டிவிட்ட."

"நானா?"

"பின்ன யாரு? உன் கை என்னமா ஜில்லுனு இருந்துச்சு. கையுறை வாங்கிக்க, பஸ் ஸ்டாண்டுல விக்கிறாங்க."

சுகர் இறங்கினால் மனுஷனுக்குக் கண் என்னவெல்லாம் காட்டும் என்று டீச்சர் விளக்கினார், சரிதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், எனக்குச் சுகர் கிடையாதே. நான் இல்லை என்று அவரிடம் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், அதை நானே எப்படி எடுத்து அவளிடம் கொடுப்பேன்?

ஊர் திரும்பிய வாரம் நாத்தனார் வந்தார். குரங்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நான் மந்தி ஊட்டியதைச் சொல்லவில்லை, சும்மா நூல் விட்டுப் பார்த்தேன். "அண்ணி, கோமதி அக்காவுக்கு இவருக்கு ஊட்டிவிடற பழக்கம் ஏதும் உண்டா?"

கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். "யார் சொன்னா உனக்கு?"

"சும்மா கேட்டேன்."

"தினமும் முதல் வாய் தம்பிக்குத்தான். தட்டுல போட்டதும் ஒரு அழுத்து அழுத்தி, உருட்டி, அவன் வாயில வச்சுட்டுத்தான் இவ சாப்பிட உக்காருவா. அவனும் சின்னப் புள்ள மாதிரி கண்ண மூடிட்டு வாயத் தொறப்பான். நாங்கெல்லாம் அப்படிக் கேலி பண்ணுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கிட்ட வேணும்னுதான் சொல்லல மல்லிகா. வயிறு எரியும்."

எண்ணெய்ச் சொட்டு வரைக்கும் கணக்காகச் சொன்னவர் இதை மட்டும் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்திருக்கிறார்.

அன்றைக்கே மத்தியானம் இவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். பரிமாறிவிட்டு நகர்ந்தேன். தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு, கொஞ்சம் வெட்கத்தோடு, "அன்னைக்கு மாதிரி ஒரு வாய் குடேன்" என்றார்.

உருட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் முதல் கவளம் என் கையால்தான். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது எனக்கு, இல்லையா? ஆனால் நான் அந்தக் கவளத்தை எடுத்து நீட்டுவதற்குள் அவர் கண்ணை மூடிவிடுகிறார். மூடியபடியே வாயைத் திறக்கிறார், மூடியபடியே சிரிக்கிறார், விழுங்கி முடித்த பிறகுதான் கண் திறக்கும்.

போன மாதம் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன், "கண்ணத் தொறந்து என்னப் பாத்துச் சாப்பிடுங்களேன்."

கண்ணைத் திறக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"வேணாம் மல்லிகா. தொறந்தா ஒருத்திதான் இருப்பா."

எந்த ஒருத்தி என்று நான் கேட்கவில்லை. கவளத்தை வாயில் வைத்தேன்.